கடலுக்கு நாற்பது கிலோமீட்டர் – 7: இறங்கு!

போன வாரம் பத்து தீகாவில் நிறுத்தினேன். அதற்கு முன்னால் பிரிக்பீல்ட்ஸ் செங்கல் சூளைகள், மாட்டுவண்டிகள், 1886இல் ஆற்றைத் தாண்டாமல் புக்கிட் கூடாவிலேயே நின்றுபோன ரயில் எல்லாம் வந்துபோயின. புதிதாக வந்து சேருகிறவர்கள் பழைய இதழ்களைத் தேடிக்கொள்ளட்டும்.

இந்த வாரம் கொசு என்று சொல்லியிருந்தேன். 1901 செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தைத் திறந்த கையோடு, மலேரியாக் கொசு அதை மூடவைக்கப் பார்த்த கதை. டாக்டர் மால்கம் வாட்சன் வாய்க்கால் வெட்டிக் கொசுவோடு மல்லுக்கட்டிய கதை. குறிப்புகளெல்லாம் மேசைமேல் தயாராக இருக்கின்றன. ஆசிரியர் திங்கட்கிழமை காலையிலேயே போன் போட்டு, “கொசு வந்துடுச்சா?” என்றார். வரவில்லை. வழியில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்துவிட்டது.

கொசுவுக்காகத்தான் கிள்ளான் மாவட்டம் பற்றிய பழைய ஆய்வு நூல் ஒன்றைப் புரட்டினேன். விரல் நழுவி 1941க்குப் போய்விட்டது. அந்த வருஷம் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்பது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் சொல்லாவிட்டாலும் வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். ஆனால் என்ன கேட்டார்கள் என்பதை நான் வரிசையாகப் படித்ததில்லை. மொத்தம் பன்னிரண்டு கோரிக்கைகள். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கிற கூலியை எங்களுக்கும் கொடு. பத்து, பன்னிரண்டு மணி நேர வேலையை நிறுத்து. பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் வேண்டும். ஒழுங்கான மருத்துவம் வேண்டும். கள்ளுக்கடையை மூடு. எங்கள் பெண்கள்மேல் கை வைக்காதே. சொந்தபந்தம் தோட்டத்துக்குள் வந்துபோக விடு. கூடிப் பேச விடு. குறை சொன்னவனைப் பழிவாங்காதே. சங்கம் வைத்துக்கொள்ள விடு.

இந்தப் பட்டியலுக்கு நடுவே ஒரு வரி: வெள்ளைக்கார நிர்வாகிக்கும் ஆசியச் சிப்பந்திகளுக்கும் எதிரில், தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதிக்க வேண்டும்.

புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துபோய் ஒரு தே ஓ போட்டுக்கொண்டேன். கூலி கேட்டார்கள், சரி. மானம் கேட்டார்கள், சரி. அதே தாளில், அதே மூச்சில், சைக்கிள் சீட்டில் உட்கார்ந்திருக்கும் உரிமையையும் கேட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து என் மண்டைக்குள் மணியடித்துக்கொண்டிருப்பது அந்தச் சைக்கிள்தான். ஆறு வாரமாக இந்தச் சாலையில் என்னென்ன ஓடின என்று எழுதிக்கொண்டு வருகிறேன். மாட்டுவண்டி ஓடியது, ரயில் ஓடியது, லோரி ஓடியது. யாருக்காக யார் இறங்கி நின்றார்கள் என்று ஒரு தடவையாவது கேட்டேனா? கேட்கவில்லை.

கேட்க வேண்டிய ஆள் கிள்ளானில் இருந்தார். என் அத்தை. வயது எண்பத்து நான்கு. “நான் ஸ்ட்ரைக்கு வருஷத்துப் புள்ள” என்று எப்போதும் சொல்லிக்கொள்வார். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது ‘ஸ்ட்ரைக்கு’ என்பதை ஏதோ ஊர்ப் பெயர் என்றே நினைத்திருந்தோம்.

அத்தையின் பேரன் பத்து தீகாவில் கப்சாய் மோட்டார்சைக்கிளோடு வந்து காத்திருந்தான். என்னை ‘மாமா’ என்பான். உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. அன்றைக்கு அரை நாள் எனக்காக ஆப்பை அணைத்து வைத்திருந்தான். பின்னால் ஏறுவதற்கு முன் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டேன். “அப்படி இல்ல மாமா, திருப்பிப் போடுங்க” என்றான். முதுகுப்பக்கம் நெஞ்சில் வர, திறப்பு முதுகில் வர, கைகளை மட்டும் நுழைத்துக்கொள்ள வேண்டும். மலேசியாவில் மோட்டார்சைக்கிள் ஓட்டுகிறவனை அடையாளம் காட்டுவது இந்தத் திருப்பிப் போட்ட ஜாக்கெட்தான். காற்று நெஞ்சில் அடைக்காது, தூறல் சட்டையை நனைக்காது, வெயில் கையைச் சுடாது. இறங்கியதும் ஒரே உதறலில் கழற்றிவிடலாம்.

கூட்டரசு நெடுஞ்சாலையின் ஓரமாக மோட்டார்சைக்கிளுக்கென்றே தனிப்பாதை ஒன்று ஓடுகிறது. தினமும் அதில் போகிறவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. காரில் போகிறவர்கள் கண்ணில் அது படுவதே இல்லை. ஆனால் சாலைப் பொறியியல் நூல்களில் அதற்குத் தனி மரியாதை உண்டு. 1970களில் உலக வங்கித் திட்டத்தில் போடப்பட்ட இந்தப் பாதைதான், மோட்டார்சைக்கிளுக்கு மட்டுமே என்று உலகில் முதன்முதலாகப் போடப்பட்டது என்று எழுதுகிறார்கள். 1990களில் அதைக் கிள்ளான் பக்கம் நீட்டினார்கள். பிறகு புத்ரா பல்கலைக்கழகத்தில் ராடின் உமாரும் அவரோடு இருந்தவர்களும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். தனிப்பாதை வந்த பகுதிகளில் மோட்டார்சைக்கிள் விபத்து நன்றாகவே குறைந்திருந்தது. இந்த நாட்டில் சாலையில் உயிர்விடுகிறவர்களில் பாதிக்கும் மேல் இரண்டு சக்கரத்தில் போனவர்கள் என்பதை வைத்துப் பார்த்தால், இந்த ஒடுக்கமான தார்ப்பட்டை எத்தனை வீட்டில் விளக்கெரிய வைத்திருக்கிறது என்பது புரியும்.

ஒடுக்கம் என்று சொன்னது சும்மா இல்லை. மேம்பாலச் சந்திப்பு வரும் இடங்களில் பாதை திடீரென்று பள்ளத்தில் இறங்கிச் சுரங்கத்துக்குள் நுழையும். வெயிலிலிருந்து உள்ளே போனதும் இரண்டு விநாடி கண் தெரியாது. விளக்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நடுவில் தேங்கிய தண்ணீர். வளைவைத் தாண்டினால் எதிர்ச்சுவரில் யாரோ உரசிப்போன கறுப்புக் கோடுகள். “இங்கதான் மாமா எல்லாரும் ஹாரன் அடிப்போம்” என்று சொல்லிக்கொண்டே அவனும் அடித்தான். முன்னால் யாரும் இல்லை. சுரங்கத்துக்குள் அந்தச் சத்தம் மட்டும் எங்களோடு கொஞ்ச தூரம் வந்தது.

ஷா ஆலம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. மேம்பாலத்துக்குக் கீழே ஒதுங்கினோம். ஏற்கெனவே இருபது முப்பது பேர் நின்றார்கள். தொழிற்சாலைச் சீருடையில் ஒருவர், பின்னால் காய்கறிக்கூடை கட்டிய மாக்சிக் ஒருவர், பள்ளிக்கூடப் பிள்ளையோடு ஓர் அம்மா, பச்சைப்பெட்டி, ஆரஞ்சுப்பெட்டிக்காரர்கள். ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை, ஆனால் புதிதாக வண்டி வரும்போதெல்லாம் எல்லாரும் ஓர் அடி தள்ளி நின்று இடம் விட்டார்கள்.

பெர்த்தில் இருக்கும் என் சித்தப்பா மகன் அங்கே நின்றபோது ஞாபகத்துக்கு வந்தான். இந்தத் தொடருக்கே அவன்தான் காரணம். போன வருஷம் கேரவன் ஒன்றைக் காரில் மாட்டி இழுத்துக்கொண்டு, ஆஸ்திரேலியாவின் உட்பகுதிச் செம்மண்ணிலிருந்து கடற்கரை வரைக்கும் மூன்று வாரம் குடும்பத்தோடு போனான். தினம் ஒரு வீடியோ. கடைசியில், “அண்ணே, நம்ம ஊர்ல இந்த மாதிரி ஒரு ரோட்டுப் பயணம் உண்டா?” என்று கேட்டான். கோலாலம்பூரிலிருந்து கடலுக்கு நாற்பது கிலோமீட்டர்தான், ஆனால் நான் ஏழு வாரம் எடுத்துக்கொள்வேன் என்று அன்றைக்குச் சொன்னது வம்பாகப் போய்விட்டது. அவன் சொன்ன ஒன்று மட்டும் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அந்த அத்துவானச் சாலையில் எதிரே ஒரு வண்டி வந்தால், ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டுவாராம். இவனும் ஒரு விரலைத் தூக்குவான். அவ்வளவுதான் வணக்கம். ஐம்பது மீட்டருக்கு மேல் நீளமான ரோட் டிரெயின் லோரியை ஓட்டுகிறவரும் அதே ஒரு விரல்தான். ஒருவரும் இறங்குவதில்லை.

மழை விட்டது. கிள்ளான் வந்தோம்.

அத்தை வீட்டில் பசியாறிய பிறகு மெதுவாகப் பேச்செடுத்தேன். சைக்கிள் என்றதும் அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “சொன்னா வெளங்காது, காட்டுறேன்” என்று வீட்டு முன்னால் நின்ற பேரனின் கப்சாயைப் பிடித்துக்கொண்டார். அவருடைய அப்பாவை, அதாவது என் தாத்தாவை, அவர்கள் ‘ஐயா’ என்று கூப்பிடுவார்கள்.

“ஐயாவுக்கு ரெண்டு பக்கமும் பால் வாளி. முன்னாடி ஒட்டுப்பால் சாக்கு. ஸ்டோருக்கு ஏத்தத்துல மிதிச்சிக்கிட்டுப் போறாரு. மேல இருந்து தொரை வண்டி வருது. ஒடனே எறங்கணும். எறங்குறதுன்னா எப்படி? இந்தப் பக்கம், கான் பக்கம்.” கப்சாயின் இடப்பக்கம் இறங்குவது போலக் காலை வீசிக் காட்டினார். “நீ தெரியணும். தலத்துண்ட எடுக்கணும். ஒரு கையில துண்டு, ஒரு கையில சைக்கிளு. பால் தளும்பும். தளும்புனா ஒன் கணக்குலதான் கொறையும். வண்டி போனப்புறம் திரும்ப ஏற முடியுமா? ஏத்தத்துல ஏற முடியாது. தள்ளிக்கிட்டே மேட்டுக்குப் போவணும்.”

இதுதான் எனக்குப் புத்தகத்தில் கிடைக்காதது. மரியாதை என்பது மனசில் இருக்கிற ஒன்று என்று நினைக்கிறோம். மேட்டுச் சடக்கில் அதற்கு எடை உண்டு. மிதித்துச் சேர்த்த வேகத்தையெல்லாம் துரையின் காலடியில் போட்டுவிட்டு, மீதி மேட்டை வாளிகளோடு தள்ள வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை முறை? துரைக்கு ஒரு முறை. சின்னத் துரைக்கு ஒரு முறை. அதோடு முடிந்ததா? கோரிக்கையில் ‘ஆசியச் சிப்பந்திகளுக்கும்’ என்று ஒரு சொல் இருக்கிறதே, அதைக் கவனியுங்கள். பெரிய கிராணி, சின்னக் கிராணி, டிரெஸ்ஸர். அவர்களில் பலர் யார்? நம் மொழி பேசுகிறவர்கள். கறுப்புத் துரைகள். வெள்ளைக்காரனுக்கு இறங்குவதைவிட அவர்களுக்கு இறங்குவது கசப்பாக இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதைத் தனியாகச் சேர்த்திருக்க மாட்டார்கள்.

இதில் வெள்ளைக்காரனைத் திட்டிவிட்டுத் தப்பிக்கவும் முடியாது. ஊர்த்தெரு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளச் சொன்னதும், சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொன்னதும் தமிழ்நாட்டுக் கிராமங்கள் அறிந்த சட்டம்தான். நாகப்பட்டினத்தில் கப்பலேறிக் கிள்ளானில் இறங்கிய பலருக்கு அது புதிதே இல்லை. புதிதாக இருந்தது வேறு ஒன்று: இங்கே வந்து, கூலியில் மிச்சம் பிடித்து, அவர்களும் ஒரு சைக்கிள் வாங்க முடிந்தது. 1930களில் ஜப்பானிய சைக்கிள்கள் மலாயாவுக்கு மலிவாக வந்து குவிந்தன. ராலி வாங்க முடியாதவன் ஜப்பான் வாங்கினான். இரண்டு சக்கரம் வந்ததும் தோட்டத்து எல்லை தானாகவே விரிந்தது. கிள்ளான் டவுனுக்குப் போகலாம். பக்கத்துத் தோட்டத்தில் கூலி எவ்வளவு என்று கேட்டுவரலாம். கூட்டத்துக்குப் போகலாம். பத்திரிகை வாங்கி வந்து லயத்தில் படித்துக் காட்டலாம். துரைக்கு அந்தச் சைக்கிள்மேல் எரிச்சல் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

(இந்த இடத்தில் புதுக்கோட்டையைச் சொல்லாமல் போனால் பாவம். 1990களின் தொடக்கத்தில் அந்த மாவட்டத்தின் அறிவொளி இயக்கத்தில், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கில் பெண்கள் பாவாடையையும் புடவையையும் இழுத்துச் செருகிக்கொண்டு ஓட்டக் கற்றார்கள். சைக்கிள் எதற்கு என்று அன்றைக்கும் ஆண்கள் கேட்டார்கள். கேட்டவர்களுக்கு எதற்கென்று நன்றாகவே தெரியும். இது தனிக்கட்டுரை. ஆசிரியர் கண்ணில் படுவதற்குள் அடைப்புக்குறியை மூடுகிறேன்.)

1941க்கு வருவோம். கூலியாட்களை இங்கே அனுப்புவதை இந்திய அரசு 1938இலேயே தடை செய்துவிட்டது. இங்கே இருந்தவர்கள் இருந்தவர்கள்தான். ஐரோப்பாவில் போர், ரப்பருக்கு நல்ல கிராக்கி, கூலி மட்டும் அசையவில்லை. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் தோட்டம் தோட்டமாகப் போனது. அதன் முன்னணியில் இருந்தவர் ஆர்.எச். நாதன், ‘தமிழ் நேசன்’ பத்திரிகைக்காரர். மார்ச்சில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஓரளவு கூலி உயர்வோடு அடங்கியது. ஆனால் தலையில் காந்திக் குல்லாய் ஏறிவிட்டது. குல்லாய் போட்டவன் தலைத்துண்டை எடுப்பது எப்படி? சைக்கிளை விட்டு இறங்குவது எப்படி?

மே 5ஆம் தேதி நாதனைக் கைது செய்தார்கள். தோட்டங்கள் மறுபடியும் நின்றன, இந்த முறை கூலிக்காக அல்ல, ஓர் ஆளுக்காக. கிள்ளானில் தொடங்கியது சிலாங்கூர் முழுக்கப் பரவியது. ஆளுநர் ஷென்டன் தாமஸ் சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்தார். பட்டாளம் வந்தது. வந்த சிப்பாய்கள் இந்தியர்கள். எதிரில் நின்றவர்களும் இந்தியர்கள். சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். நாதனை இந்தியாவுக்கு நாடுகடத்தினார்கள். தொழிலாளிகள் வேலைக்குத் திரும்பினார்கள்.

“ஐயா அந்தக் கூட்டத்துல இருந்தாரா?” என்று கேட்டேன்.

“இருந்தேம்பாரு. சில நேரம் இல்லேம்பாரு” என்றார் அத்தை. “ஆனா குல்லாய் ஒண்ணு பொட்டியில இருந்துச்சு. எங்கம்மா அதுலதான் மொளகாப் பொட்டலம் போட்டு வெச்சிருந்தாங்க.”

இனிமேல் வருவதை நான் கதையாக எழுதியிருந்தால் ஆசிரியர் ‘இது ரொம்ப ஜோடனையா இருக்கு’ என்று வெட்டியிருப்பார். வரலாறு என்பதால் விட்டுவிடுவார் என்று நம்புகிறேன். அந்த மே மாதம் முடிந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. வடக்கிலிருந்து மலாயாவின் நல்ல தார்ச்சாலைகள் வழியாக அது எதில் வந்தது தெரியுமா? சைக்கிளில். டிவிஷன் ஒன்றுக்கு ஏறக்குறைய ஆறாயிரம் சைக்கிள் இருந்ததாகப் படைத் தலைமையகத்தில் இருந்த சுஜி மசனோபு பிறகு எழுதினார். உடைந்த பாலத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கி நடப்பார்கள். பழுதானால் கவலை இல்லை. எந்த ஊருக்குப் போனாலும் ஜப்பான் சைக்கிளும் அதன் உதிரிப்பாகமும் கிடைத்தன. நம் ஆட்கள் மலிவாக வாங்கி வைத்திருந்த அதே ஜப்பான் சைக்கிள்கள்தான். டயர் வெடித்தால் இரும்பு வளையத்தின் மேலேயே மிதிப்பார்கள். ராத்திரியில் அந்தக் கடகட சத்தத்தை டாங்கி என்று நினைத்துப் பிரிட்டிஷ் பக்கம் ஓடியதும் உண்டு என்பார்கள். 1942 ஜனவரி 11 அன்று கோலாலம்பூர் விழுந்தது. துரைமார்கள் அதற்கு முன்பே தெற்கே போய்விட்டார்கள்.

சைக்கிளில் வருகிறவனைக் கண்டதும் இறங்கிப் போனது கடைசியில் யார் என்று நான் எழுத வேண்டியதில்லை. ஆனால் கைதட்டவும் வேண்டாம். வந்தவன் நல்லது செய்ய வரவில்லை. அவன் சிப்பாயைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி, இடுப்பு மடியக் குனிய வேண்டும். தவறினால் கன்னத்தில் அறை. கூடவே சயாம் ரயில் வேலைக்கு ஆளையும் பிடித்துக்கொண்டு போனான். சட்டம் மாறவில்லை, குனிகிற அளவுதான் மாறியது.

மத்தியானம் பேரன் என்னைக் கோத்தா பாலத்துக்கு அழைத்துக்கொண்டு போனான். நான்தான் கேட்டேன். கிள்ளான் ஆற்றின் மேல் 1957இல் கட்டத் தொடங்கிய இரண்டு அடுக்குப் பாலம் அது. மேலடுக்கு காருக்கும் லோரிக்கும். கீழடுக்கு நடக்கிறவருக்கும் சைக்கிளுக்கும். சுதந்திரம் வாங்கிய வருஷத்தில் பாலம் கட்ட உட்கார்ந்தவர்கள், சைக்கிள்காரனுக்கென்று ஒரு முழு அடுக்கைக் கொடுத்திருக்கிறார்கள். சின்ன வயசில் நூறு தடவை இதன் வழியாகப் போயிருக்கிறேன். வடகரையிலிருந்து தெங்கு கிளானா தெருவுக்குத் தீபாவளித் துணி எடுக்க. ஒரு தடவைகூட இப்படி நினைத்துப் பார்த்ததில்லை. பக்கத்தில் புதுப்பாலம் வந்ததும் பழைய மேலடுக்கில் கார் ஓட்டம் நின்றுவிட்டது. கீழடுக்கில் நடக்கிறவர்கள் இன்றைக்கும் நடக்கிறார்கள். இரும்பு விட்டங்களுக்கு நடுவே ஆறு பழுப்பாகப் போய்க்கொண்டிருந்தது. இங்கிருந்து கடல் பக்கம்தான். ஆனால் நான் வடக்கே போனேன், காப்பார் பக்கம், தாத்தாவின் தோட்டம் இருந்த இடத்துக்கு.

தாத்தாவைப் பற்றி எனக்கு நேரடியாகத் தெரிந்த ஒன்று உண்டு. 1970களின் கடைசி. தோட்டத்தில் வெள்ளைக்காரர் யாரும் இல்லை. மானேஜர் ஒரு மலாய்க்காரர்; நல்ல மனிதர்; தாத்தாவை ‘பாக்சிக்’ என்று கூப்பிடுவார். நான் தாத்தாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்திருப்பேன். பின்னால் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் போதும், தாத்தா இறங்கிவிடுவார். மானேஜர் ஜீப்புக்கு இறங்குவார். ஆம்புலன்ஸுக்கு இறங்குவார். ஐஸ்கிரீம் வண்டிக்கும் ஒரு தடவை இறங்கினார். இறங்கியதும் என் தொடையில் ஒரு தட்டு. நானும் இறங்க வேண்டும். “எதுக்கு தாத்தா?” என்றால் “வண்டி வருதுல்ல” என்பார். பயந்த சுபாவம் என்று நினைத்திருந்தேன். ஐந்து பேர் இறந்த அந்த வேலைநிறுத்தத்தைக் கண்டு, பெட்டியில் குல்லாய் வைத்திருந்த மனிதரின் கால் அது. தலை மறந்ததைக் கால் மறக்கவில்லை.

அந்தத் தோட்டம் இப்போது இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி ஆகிவிட்டது. ஸ்டோருக்கு ஏறுகிற மேடு மட்டும் அப்படியே இருக்கிறது. அந்த மேட்டின் அடிவாரத்தில் காவற்சாவடி. குறுக்கே சிவப்பு வெள்ளைத் தடுப்புக்கட்டை. எங்களுக்கு முன்னால் ஒரு கார் போனது. கண்ணாடி நான்கு விரல் இறங்கியது, கட்டை தூக்கிக்கொண்டது. எங்களுக்குத் தூக்கவில்லை. நேபாளத்திலிருந்து வந்த காவலாளி, பேரன் வயசுதான் இருக்கும், கையைக் காட்டி ஓரமாக நிற்கச் சொன்னான். பேரன் இதைத் தினமும் செய்கிறவன். யாரும் சொல்லாமலே எல்லாம் நடந்தது. இஞ்சினை அணைத்தான். இறங்கினான். ஹெல்மெட்டைக் கழற்றினான். ஐசியை எடுத்து நீட்டினான். நானும் இறங்கினேன். காவலாளி ஐசிப் படத்தையும் முகத்தையும் பார்த்து நோட்டில் எழுதினான். ஒரு கையில் ஹெல்மெட், ஒரு கையில் வண்டி. பேரன் நின்ற நிலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். காலையில் அத்தை காட்டியது அதே நிலை. கான் பக்கம்.

“எல்லாருக்கும் இப்படியா?” என்றேன்.

“மோட்டோவுக்கு மட்டும் மாமா. திருட்டுக்குப் பயம். ரூல்ஸ்தானே” என்றான். அவனுக்குக் கோபமெல்லாம் இல்லை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதினைந்து தடவை இறங்கி ஏறுகிறவனுக்குக் கோபம் கட்டுப்படியாகாது. காவலாளிக்கும் எங்கள்மேல் ஒன்றும் இல்லை. அவனும் கடல் தாண்டி வந்து, யாரோ எழுதிக்கொடுத்த நோட்டை நிரப்பிக்கொண்டிருக்கிறவன்தான்.

உள்ளே போய் மேட்டின் உச்சிவரை ஓட்டினோம். ஸ்டோர் இருந்த இடத்தில் பிள்ளைகள் விளையாடும் சறுக்குமரம். இரண்டு நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பினோம்.

ராத்திரி அத்தையிடம் இதைச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று பிறகு தோன்றியது. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு,

“ஐயா காலம் பரவால்ல போல. தொரை ஐசி கேக்கல” என்றார்.

(கொசு அடுத்த வாரம். இந்த முறை சத்தியமாக.)